மாணிக்கம் பொய், மிதியடி மெய்!

ஏலம் நடக்கிறது! நமது ஊர்ச் சந்தைத் திடலிலே அல்ல. அமெரிக்க நாட்டு டல்லாஸ் நகரிலே. நாள், 2024 டிசம்பர் 7. ஏலத்துக்கு வந்திருக்கும் பொருள் மன்னர் மரபின் மணிமுடியுமல்ல, மாவீரன் ஏந்திய வாளுமல்ல. ஒரு சோடி மிதியடி! சிவந்த நிறம், சிறிய குதிகால், மேலே ஒரு பட்டாம்பூச்சி முடிச்சு. கேட்கிறார் ஒருவர், மிஞ்சுகிறார் மற்றொருவர், விலை ஏறுகிறது, ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது! சுத்தியல் விழுந்தபோது தொகை 2 கோடியே 80 இலட்சம் டாலர். ஏலம் விட்டவர்களின் கட்டணத்தையும் சேர்த்தால் 3 கோடியே 25 இலட்சம் டாலர்.

மாணிக்கம் பதித்த மிதியடி போலும் என்று எண்ணுவீர். அப்படித்தான் எண்ணினான் ஒரு திருடனும்! 2005 ஆகஸ்ட் மாதத்தில், மினசோட்டா மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் என்னும் சிற்றூர் அருங்காட்சியகத்தில் அந்த மிதியடி இருந்தது. இரவிலே வந்தான், கதவை உடைத்தான், கண்ணாடிப் பேழையைத் தகர்த்தான், தூக்கிக்கொண்டு ஓடினான். பல ஆண்டுகள் கழித்து வழக்கு மன்றத்திலே வெளிவந்த செய்தி என்ன தெரியுமா? 'மாணிக்க மிதியடி' என்ற பெயரைக் கேட்டு, கற்கள் மாணிக்கமே என்று நம்பித் திருடினான். திருட்டுப் பொருளை வாங்குபவனிடம் கொண்டு போனான். அவன் பார்த்துவிட்டு, 'இவை வெறும் கண்ணாடி' என்றான். வெறுத்துப் போய் அதைக் கைகழுவி விட்டான்.

சிரிக்கத் தோன்றுகிறதல்லவா? சிரியுங்கள், ஆனால் சிரித்து முடித்ததும் சற்றே சிந்தியுங்கள். திருடன் கண்ணிலே அது போலி. ஏலம் கேட்டவர் கண்ணிலே அது மெய், கோடிக்கணக்கில் கொட்டிக் கொடுக்கத்தக்க மெய். பொருள் ஒன்று, தீர்ப்பு இரண்டு. எவன் சொன்னது சரி?

இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டேன். மிதியடிக்காக அல்ல, அதற்குள்ளே ஓர் அறக் கேள்வி ஒளிந்திருக்கிறது என்பதற்காக.

அந்த மிதியடியின் வரலாறு இது. 1900-ஆம் ஆண்டிலே பிராங்க் பாம் என்பவர் ஓஸ் என்னும் கற்பனை நாட்டைப் பற்றி ஒரு சிறுவர் கதை எழுதினார். கதையிலே சிறுமி டாரதி அணிவது வெள்ளி மிதியடி. 1939-இல் எம்.ஜி.எம். நிறுவனம் அக்கதையைப் படமாக்கியது. வண்ணப்படம் புதுமையாக இருந்த காலம் அது; திரையிலே வெள்ளியைக் காட்டிலும் சிவப்பு எடுப்பாக இருக்கும் என்று எண்ணி நிறத்தை மாற்றினர். கடைத்தெருவிலே கிடைக்கும் சாதாரணக் காலணிதான் அடிப்படை. அதன்மேல் மெல்லிய துணி. துணியின்மேல் ஆயிரக்கணக்கான சிவப்புச் சிமிக்கிகள். அந்தச் சிமிக்கிகளும் ஜெலட்டினால் ஆனவை. அணிந்து நடித்தவர் ஜூடி கார்லண்ட்.

அதாவது, மாணிக்கம் என்பது பொய். மந்திர ஆற்றல் என்பது பொய். ஓஸ் நாடு பொய். டாரதி என்று ஒரு சிறுமி இருந்ததே பொய். பொய்யிலே பிறந்து, பொய்யிலே வளர்ந்து, பொய்யைக் காட்டுவதற்கென்றே ஒளி வெள்ளத்திலே நிறுத்தப்பட்ட பொருள். அதைக் கையிலே வைத்துக்கொண்டு, 'இது அசலா, போலியா?' என்று கேட்பது, அட்டைக் கத்தியைக் காட்டி 'இது எந்தப் போரிலே வென்றது?' என்று கேட்பது போலல்லவா?

இல்லை. அட்டைக் கத்தி போரிலே வென்றதா என்று கேட்பது மடமை. ஆனால் இந்த அட்டைக் கத்தியைத்தான் அந்த நடிகர் அன்று மேடையிலே ஏந்தினாரா என்று கேட்பது மடமையன்று. முன்னது கதையைப் பற்றிய கேள்வி. பின்னது நடந்ததைப் பற்றிய கேள்வி. கதை பொய்யாயிருக்கலாம்; கதையை நடித்துக் காட்டிய உழைப்பு பொய்யன்று. கலைஞர்கள் கூடினார்கள், விளக்குகள் எரிந்தன, ஒரு பெண் அந்த மிதியடியை அணிந்து கால் கடுக்க ஆடினாள், இவை நடந்தவை. நடந்ததற்குச் சாட்சி உண்டு, சாட்சி என்றால் உண்மைச் சாட்சியும் உண்டு, பொய்ச்சாட்சியும் உண்டு. ஆகவே பொய்ப்பொருளுக்கும் மெய்யான வரலாறு ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

படப்பிடிப்புக் கூடத்தார் 'பிராப்பர்ட்டி' என்று அழைக்கும் இப்பொருள்களிலே 'அசல்' என்ற சொல்லே ஒன்றல்ல, மூன்று என்பதை அறிந்தால் வியப்பீர். அந்தப் படத்துக்காகச் செய்யப்பட்டது என்பது ஒரு பொருள். படமெடுக்கும் கருவியின் முன்னே வந்தது, திரையிலே நாம் கண்டது இதுவே என்பது இரண்டாவது பொருள். அந்த நடிகரே அணிந்தார், ஏந்தினார் என்பது மூன்றாவது பொருள். கதாநாயகன் கையிலே ஒரு துப்பாக்கி என்றால், முகத்தருகே காட்டுவதற்கு நுணுக்கமாகச் செய்த ஒன்று இருக்கும். ஓடவும் உருளவும் ரப்பரில் வார்த்தவை பல இருக்கும். பழுதானால் மாற்றுவதற்கு வேறு சில இருக்கும். எல்லாம் அசல்தான்; ஆனால் எல்லாம் ஒன்றல்ல! முதற்பொருளிலே அசலானதை மூன்றாம் பொருளிலே அசல் என்று விற்றுவிடலாம். சொன்னதிலே ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று சத்தியமும் செய்யலாம். பொய் சொல்லாமலே ஏமாற்றும் கலை இதுதான்.

மாணிக்க மிதியடியையே பாருங்கள். 1970-இல் எம்.ஜி.எம். நிறுவனத்தின் பழம்பொருள்கள் மலைமலையாக ஏலத்துக்கு வந்தன. மிதியடி ஒரே ஒரு சோடிதான் காட்டப்பட்டது. 15,000 டாலருக்குப் போயிற்று. ஆனால் அதன் பிறகு, டென்னசி மாநிலத்துப் பெண்மணி ஒருவர், 'என்னிடமும் ஒரு சோடி இருக்கிறதே, 1940-இல் ஒரு போட்டியில் பரிசாகப் பெற்றேனே!' என்றார். படத்துக்காகப் பல சோடிகள் செய்யப்பட்டிருந்தன என்பது தெரிய வந்தது. ஏலத்திலே வாங்கியவர் கையிலிருந்தது போலியல்ல. ஆனால் 'ஒன்றே ஒன்று' என்று அவர் எண்ணியிருந்தால், அந்த எண்ணம் பொடிப்பொடியாயிற்று.

இன்னொரு கதை. 1941-இல் வந்த 'மால்ட்டீஸ் பால்கன்' என்னும் படம். விலைமதிப்பற்ற ஒரு வல்லூறுச் சிலைக்காக மாந்தர் ஒருவரை ஒருவர் ஏமாற்றுகிறார்கள், கொலையும் விழுகிறது. இறுதியிலே சிலையைச் சுரண்டிப் பார்த்தால், உள்ளே வெறும் ஈயம்! போலிப் பொருளின் பின்னே பேராசை ஓடினால் என்ன ஆகும் என்பதே படத்தின் பாடம். அந்தப் பாடத்தைச் சொல்வதற்காகச் செய்யப்பட்ட ஈயச் சிலை 2013-இல் ஏலத்துக்கு வந்தது. 40 இலட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று! போலி என்று கதையிலே தூக்கி எறியப்பட்டது, மெய் என்று மேடையிலே கொண்டாடப்படுகிறது. ஈயத்தில் வார்த்தவை ஒன்றுக்கு மேற்பட்டவை. சாந்தில் வார்த்தவையும் உண்டு. எது திரையிலே தோன்றியது என்ற வழக்கு இரசிகர்களிடையே நெடுநாள் நடந்தது. 'பாடம் கேட்டவர்கள் பாடத்தை மறந்து சிலையைப் பிடித்துக்கொண்டார்களே' என்று வருந்துவதா, வியப்பதா?

ஆர்சன் வெல்ஸ் இயக்கி நடித்த 'சிட்டிசன் கேன்' படம் வந்ததும் அதே 1941-இல்தான். செல்வச் சீமான் ஒருவன் சாகும்போது 'ரோஸ்பட்' என்று ஒரே ஒரு சொல்லை உதிர்த்துச் சாகிறான். அந்தப் பெயர் எழுதப்பட்ட, சிறுவயதிலே அவன் பனியிலே விளையாடிய சறுக்குவண்டி, இறுதிக் காட்சியிலே உலைக்குள் எறியப்பட்டு எரிகிறது. எரிப்பதற்கென்றே எளிதில் தீப்பற்றும் மென்மரத்தில் சில வண்டிகள் செய்தார்கள். எரியாமல் தப்பிய ஒன்றை 1982-இல் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 60,500 டாலருக்கு வாங்கினார். 2025 ஜூலையில் மற்றொரு வண்டி 1 கோடியே 47 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. ஆனால் திரையிலே எரிந்ததே, நம் நெஞ்சை உருக்கியதே, அந்த வண்டி? அது சாம்பலாகிவிட்டது. மெய்களிலெல்லாம் மெய்யானது எதுவோ, அதை ஏலம் விட எவராலும் முடியாது! விலைக்குக் கிடைப்பதெல்லாம் அதன் உடன்பிறப்புகளே.

சரி, அசலை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வழிகள் உண்டு. படத்தை ஒவ்வொரு சட்டமாக நிறுத்திப் பார்க்கிறார்கள்; திரையிலே தெரியும் கீறலும் கையிலிருக்கும் பொருளின் கீறலும் ஒன்றா என்று ஒப்பிடுகிறார்கள். மரத்தின் வரிகள் மனிதனின் விரல்ரேகை போன்றவை. ஒரு பலகைக்கு உள்ளது இன்னொரு பலகைக்கு இராது. ஆடையென்றால் தையலையும் நூலையும் பார்க்கிறார்கள். புற ஊதா ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு துணிகளிலும் சலவைத் தூள்களிலும் பெருகிய வெண்மையூட்டும் வேதிப்பொருள்கள் அவ்வொளியிலே பளிச்சென்று ஒளிரும். 1939-ஆம் ஆண்டு நூல் என்று சொல்லப்படுவது அப்படி ஒளிர்ந்தால், 'நீ எப்போது பிறந்தாய்?' என்று அதைக் கேட்க வேண்டியதுதான். பின்னாளிலே வெளுத்ததாகவும் இருக்கலாம், தைத்துச் சீர்செய்ததாகவும் இருக்கலாம். எனினும் கேள்வி பிறந்துவிடுகிறது. இவற்றோடு, படக்கூடத்திலிருந்து யார் எடுத்தார், யாரிடம் விற்றார், அவர் யாரிடம் கொடுத்தார் என்ற கைமாறிய வரலாற்றைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பார்க்கிறார்கள். ஒரு கண்ணி அறுந்தாலும் ஐயம் நுழைகிறது.

இவ்வளவு உழைப்பைத் தவிர்க்க வழி ஒன்று கண்டார்கள் வணிகர்கள்: சான்றிதழ்! 'இது அசலே' என்று அழகிய தாளிலே அச்சடித்து, முத்திரை குத்தி, கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுவது. கொடுப்பவர் யார்? பெரும்பாலும் விற்பவரே! தன் மாட்டுக்குத் தானே சுழி பார்த்துச் சொல்கிறவனிடம் மாடு வாங்குவோமா நாம்?

சான்றிதழின் பெருமை இன்று பிறந்ததல்ல. இங்கிலாந்திலே ஸ்ட்ராட்போர்டு நகரத்து வீட்டுத் தோட்டத்தில் ஒரு முசுக்கொட்டை மரம் நின்றது. ஷேக்ஸ்பியர் தம் கையாலேயே நட்டது என்பது ஊர்வழக்கு. பார்க்க வருவோர் தொல்லை பொறுக்காமல் அந்த வீட்டுக்காரர் 1756-இல் அதை வெட்டிச் சாய்த்தார். தாமஸ் ஷார்ப் என்ற கடிகாரத் தொழிலாளி மரத்தை வாங்கினார். செப்பு, பேழை, பொடிடப்பி என்று செய்தார், விற்றார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விற்றார்! ஒரு மரம் எத்தனை பெட்டியாகும் என்று ஊரார் முணுமுணுத்தார்கள். 1799-இல் சாகும் தறுவாயிலே, 'நான் விற்றதெல்லாம் அந்த மரமே' என்று ஆணையிட்டு எழுதிக் கொடுத்தார் அவர். எழுத்து இருக்கிறது, ஐயமும் இருக்கிறது. ஷேக்ஸ்பியர் நட்டார் என்பதற்கே ஊர்வழக்கைத் தவிரச் சான்று இல்லாதபோது, ஆணையால் என்ன நிலைநாட்ட முடியும்? அவர் உண்மையே சொல்லியிருக்கலாம். ஆனால் மரத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் தாளைக் காட்டினார், அதுதான் குறை.

நம் காலத்துக்கு வருவோம். 2006-இல் நியூயார்க்கிலே 'ஸ்டார் டிரெக்' தொடர் பொருள்களின் பெரும் ஏலம் ஒன்று நடந்தது. அதில் டேட்டா என்னும் பாத்திரம் சீட்டாடும்போது அணிந்த நெற்றிமறைப்பு என்று ஒன்றை வாங்கினார் ஓர் இரசிகர். அந்த வேடம் பூண்ட நடிகரிடமே கையொப்பம் பெறக் கொண்டு போனார். 'நான் அணிந்தது இதுவன்று' என்று நடிகர் சொல்லிவிட்டாராம்! வழக்குத் தொடுத்தார் வாங்கியவர். தீர்ப்பு எதுவாயினும், அந்த மனிதர் நெற்றிமறைப்பைக் கையிலே வைத்துக்கொண்டு நடிகரின் எதிரே நின்ற அந்த ஒரு நொடியை எண்ணிப் பாருங்கள். பொருள் மாறவில்லை, துணியும் மாறவில்லை, ஆனால் எதையோ இழந்துவிட்டார். எதை இழந்தார்?

இங்கே குறுக்கிடுகிறார் ஒரு நண்பர். "என்னப்பா இது! பணம் கொழுத்தவன் பழஞ்செருப்பு வாங்குகிறான், ஏமாந்தால்தான் என்ன? அந்தப் பணத்தில் எத்தனை பள்ளிக்கூடம் கட்டலாம்! மேலும், தெரியாதவரை அவன் மகிழ்ச்சியாகத்தானே இருக்கிறான்? பொய்ப்பொருளைப் பற்றி ஒரு பொய். இதிலே கெட்டது என்ன?"

முதற்பகுதியை நானும் ஒப்புகிறேன். மூன்று கோடி டாலர் மிதியடி, உலகத்துச் செல்வம் எங்கே தேங்கிக் கிடக்கிறது என்பதைக் காட்டும் அளவுகோல்தான். ஆனால் விலையின் மடமை வேறு, பொய்யின் குற்றம் வேறு. சீமானை ஏமாற்றுவது அறம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், ஏமாற்றும் கை அங்கேயே நின்றுவிடுமா? மாதச் சம்பளத்திலே மிச்சம் பிடித்து, தான் நேசிக்கும் நடிகர் தொட்டதென்று ஒரு பொத்தானை, ஒரு கைக்குட்டையை வாங்கும் எளியோரும் அதே சந்தையில்தான் நிற்கிறார்கள். பொய் வருமானச் சான்று பார்த்துத் தொழில் நடத்துவதில்லை.

இரண்டாம் பகுதிக்கு, 'தெரியாதவரை மகிழ்ச்சிதானே' என்பதற்கு, நூலிலிருந்து விடை சொல்லமாட்டேன். என் வாழ்விலிருந்தே சொல்கிறேன். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆகவே சொல்லித்தான் ஆகவேண்டும்.

நான் பள்ளி ஆசிரியன். எங்கள் பள்ளியிலே ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போட்டோம். அதியமானும் அவ்வையும் பற்றியது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதியமான். அட்டையை வெட்டி, பொன்னிறத் தாள் ஒட்டி, ஜிகினா தூவி மகுடம் செய்தோம். நன்றாக நடித்தான் பையன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஆனால் திரை விழுந்த பிறகு, மேடைப் படியிலே இறங்கும்போது கால் இடறி விழுந்தான். மகுடம் நசுங்கிப் பிளந்து போயிற்று.

பள்ளி நூலகத்துக்கு ஓர் அலமாரி வாங்கப் பணம் தேவைப்பட்டது. நாடகப் பொருள்களை அடுத்த வாரம் பெற்றோர் கூட்டத்திலே ஏலம் விடலாம் என்று முடிவு செய்தோம். யோசனை சொன்னவன் நான். கிழிந்த மகுடத்தை யார் வாங்குவார்? முந்தின நாள் இரவு உட்கார்ந்து, மிச்சமிருந்த அதே அட்டையிலே, அதே தாளிலே, அதே அளவிலே இன்னொரு மகுடம் செய்தேன். அச்சு அசல் அதேதான். இன்னும் கொஞ்சம் பளபளப்பு. மறுநாள் மேசைமேல் வைத்து, "அதியமான் அணிந்த மகுடம்!" என்று கூவி, ஏலம் விட்டவனும் நானே.

நூறு, நூற்றைம்பது என்று நடந்த கேள்வி, திடீரென்று உயர்ந்தது. கடைசி வரிசையிலே நின்றுகொண்டிருந்த ஒருவர், சந்தையிலே மூட்டை தூக்கும் தொழிலாளி, "எழுநூறு" என்றார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அவர் அந்தப் பையனின் தகப்பனார். எழுநூறு ரூபாய், அவருடைய ஒரு நாள் கூலி. மடித்து வைத்திருந்த தாள்களை எண்ணிக் கொடுத்து, மகுடத்தை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். "எம் புள்ள தலையில இருந்தது" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

பையன் அவர் அருகிலேதான் நின்றான். அவனுக்குத் தெரியும். நசுங்கிய மகுடத்தைக் கையிலே எடுத்து என்னிடம் கொடுத்தவனே அவன்தான். அவன் தந்தையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியர் சொல்வதை மறுத்துப் பேசக்கூடாது என்று அவனுக்குக் கற்பித்திருந்தோமே!

நண்பரின் வாதம் முழுவதும் அன்றிரவு என் வாதமாக இருந்தது. பணம் நூலகத்துக்குத்தானே போகிறது? தகப்பனார் மகிழ்ச்சியாகத்தானே வீடு திரும்பினார்? இதுவும் அட்டை, அதுவும் அட்டை! அதியமானின் மகுடமா இது, ஆராய்ச்சி செய்ய? எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பையன் பார்த்த பார்வைக்கு இவற்றில் ஒன்றும் விடையாகவில்லை. திங்கட்கிழமை வகுப்பிலே எடுக்க வேண்டிய பாடம் குறளில் வாய்மை அதிகாரம். எடுக்காமல் வேறு பாடம் நடத்தினேன்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். மண்சுவரிலே ஆணி அடித்து மகுடத்தை மாட்டியிருந்தார். சொன்னேன். முழுவதும் சொன்னேன். எழுநூறு ரூபாயை நீட்டினேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அல்லது, 'பரவாயில்லை சார்' என்பார் என்று ஆசைப்பட்டேன். அவர் இரண்டும் செய்யவில்லை. சற்று நேரம் மகுடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அப்போ கிழிஞ்சது எங்க சார் இருக்கு? அதக் குடுங்க. பணம் நூலகத்துக்கே இருக்கட்டும்."

பள்ளியின் பொருளறையிலே, உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னே கிடந்தது அது. எடுத்துக் கொடுத்தேன். நசுங்கியபடியே வாங்கிக்கொண்டார். ஒட்டித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார்.

எண்ணிப் பாருங்கள். பளபளக்கும் மகுடம் சுவரிலே இருக்கிறது; கிழிந்து பிளந்ததைக் கேட்கிறார் ஒரு தொழிலாளி. கண்ணுக்கு அழகு எது என்று அவருக்குத் தெரியாதா? அவர் விலை கொடுத்தது அழகுக்கல்ல. தன் மகன் அரசனாக நின்ற அந்த அரை மணி நேரத்துக்கு. அந்த நேரத்தோடு தொடர்பு கொண்டது கிழிந்த அட்டைதான். மற்றதற்கு அந்தத் தொடர்பு இல்லை. நான் அவருக்கு அட்டைக்குப் பதில் அட்டை கொடுக்கவில்லை; அவர் நினைவுக்குப் பதில் என் கைவேலையைக் கொடுத்தேன். 'தெரியாதவரை மகிழ்ச்சி' என்பது, தெரிந்தால் மகிழ்ச்சியில்லை என்பதற்கு ஒப்புதல் வாக்குமூலம். அப்படிப்பட்ட மகிழ்ச்சி அவருடையதல்ல. ஏமாற்றுகிறவன் இரவல் கொடுத்தது. எந்த நேரமும் பறித்துக்கொள்ளத்தக்கது.

இன்னொன்றும் புரிந்தது. போலி, வாங்குகிறவனை மட்டும் ஏமாற்றுவதில்லை. உடனிருந்து உண்மை தெரிந்தவனையும் கெடுக்கிறது. அந்தச் சிறுவனை என் பொய்க்குப் பங்காளியாக்கினேன். அவன் வாயைத் திறக்கவிடாமல் என் பதவி அடைத்தது. பெரிய ஏல மன்றங்களிலும் இப்படித்தான். தெரிந்த ஒருவர் எங்கோ இருப்பார், பேசாமல் இருப்பார். பெரிய பெயர், பெரிய மேடை, பெரிய சான்றிதழ் ஆகியவற்றின் முதல் வேலை, சிறியவனின் கேள்வியை அடைப்பதுதான்.

மீண்டும் மாணிக்க மிதியடிக்கு வருகிறேன். அதன் கதையில் இன்னும் ஒரு பகுதி சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

திருட்டுப்போன சோடி 2018-இல் அமெரிக்கக் கூட்டரசின் புலனாய்வுத் துறையிடம் சிக்கியது. அசல்தானா? வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே, 1979-இல் பெயர் கூறாத ஒருவர் வழங்கிய சோடி இருந்தது. அதைப் பேணும் வல்லுநர்கள் இருந்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். வியப்பு! ஸ்மித்சோனியனின் சோடியிலே இடமும் வலமும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தவில்லை. மீட்கப்பட்ட சோடியிலும் பொருந்தவில்லை. ஆனால் இதன் ஒன்றை அதன் ஒன்றோடு சேர்த்தால் பொருந்திற்று! எப்போதோ, எங்கேயோ, சோடிகள் மாறிப்போயிருந்தன. அத்துடன், முடிச்சிலே சில மணிகள் சிவப்புக் கண்ணாடியல்ல. வெறுங்கண்ணாடிக்குச் சிவப்புச் சாயம் பூசியவை. உதிர்ந்த மணிக்கு மாற்றாக யாரோ ஒரு தொழிலாளி அவசரத்திலே செய்த சீரமைப்பு. அதே போன்ற மணி அருங்காட்சியகத்துச் சோடியிலும் இருந்தது. அசல் என்று தெளிந்தார்கள்.

கவனித்தீர்களா? மெய்யை மெய்யென்று காட்டிக்கொடுத்தது பளபளப்பா? பொருத்தமா? குறையின்மையா? இல்லை! மாறிப்போன சோடி, சாயம் பூசிய மணி, யாரோ ஒருவரின் தவறு, யாரோ ஒருவரின் அவசரம். வல்லூறுச் சிலைக்கும் அப்படித்தான். அதை விற்றவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று, வால் இறகிலே இருந்த ஒரு வளைவு. எங்கள் பள்ளி மகுடத்துக்கோ, நசுங்கல். போலியைச் செய்பவன் குறைகளை நீக்குகிறான், ஏனெனில் அவன் செய்வது கண்ணுக்காக. மெய்யோ தன் குறைகளாலேயே அடையாளம் பெறுகிறது, ஏனெனில் அது வாழ்ந்திருக்கிறது, உழைத்திருக்கிறது, அடிபட்டிருக்கிறது.

அந்தச் சாயம் பூசிய மணியை எண்ணும்போதெல்லாம், பூசிய கையை எண்ணுகிறேன். படத்தின் பெயர்ப்பட்டியலில் அந்தக் கைக்குரியவரின் பெயர் இல்லை. நடிகையை உலகம் அறியும். ஆடை வகுத்த ஏட்ரியன் பெயரைத் திரையுலகம் அறியும். சிமிக்கியைத் தைத்தவர்களை, மணியை ஒட்டியவர்களை யார் அறிவார்? அவர்கள் விட்டுச் சென்ற ஒரே கையொப்பம் அந்தத் தையலும் அந்தச் சாயமும்தான். போலி ஒன்றை அசல் என்று நிறுத்தும்போது, பெயரில்லாத அந்தத் தொழிலாளரின் கடைசிச் சாட்சியத்தையும் அழித்துவிடுகிறோம். ஆகவேதான், விளையாட்டுப் பொருளென்றாலும் மெய்யா என்று கேட்கவேண்டும் என்கிறேன். கேட்பது வாங்குகிறவனின் பணத்துக்காக மட்டுமல்ல, செய்தவனின் மானத்துக்காகவும்.

திருடன் சொன்னதும் சரி, ஏலம் கேட்டவர் நம்பியதும் சரி. மாணிக்கம் பொய், மிதியடி மெய். திருடன் கல்லைத் தேடினான், வரலாற்றைக் காணவில்லை. ஆனால் ஏலம் கேட்பவர்களுக்கும் ஒரு சொல்: விலை சான்றாகாது. கோடி கொடுத்ததால் பொருள் மெய்யாகிவிடாது. ஓட்டை அட்டை என்பதால் பொய்யாகியும் விடாது. எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னே, எப்படித் தெரியும் என்று கேளுங்கள். யார் சொன்னார் என்று கேளுங்கள். சொன்னவருக்கு இதிலே என்ன ஆதாயம் என்று கேளுங்கள். விடை சொல்பவர் முகம் சுளித்தால் இன்னொரு முறையும் கேளுங்கள்.

என் வகுப்பிலே இப்போது அந்தப் பழக்கத்தைத்தான் வளர்க்கிறேன். நான் சொல்வதையும் கேள்வி கேட்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். வாய்மை அதிகாரத்தையும் பிறகு நடத்தினேன். அந்தப் பையன் முன்வரிசையிலே உட்கார்ந்திருந்தான். பாடம் முடிந்ததும் கை தூக்கினான்.

"சார், அந்த ரெண்டாவது மகுடம் என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

என் மேசையிலே இருக்கிறது அது. 'நாடகத்துக்குப் பிறகு செய்தது' என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.